பெட்டிகளில் வந்த காரும் உங்கள் தம்பியும்

ஒமாரு,
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய இஸபெல் அண்ணிக்கு,

நோலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் ஹூபர்ட் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி நார்ஃபோக் குளிர் தொடங்குவதற்குள் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அண்ணனுடைய தேனீக்களுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். இங்கே நாங்கள் இருவரும் நலம். இந்த "நலம்" கடிதத்துக்காக எழுதியது, அண்ணி. உங்கள் தம்பி நலமாக இருக்கிறார். அவரால் நான் நலமாக இல்லை. அவர் இப்போது வீட்டில் இல்லாததால்தான் இதை எழுத முடிகிறது. நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில், பக்கத்துப் பண்ணைக்காரர் கிட் கார் ஒன்றைப் பாதி கட்டிவிட்டு அலுத்துப்போய்க் கொட்டகையில் போட்டிருக்கிறார் என்று இரண்டு வரி எழுதி, படமும் வைத்திருந்தீர்கள். நீங்கள் ஒன்றும் நினைத்து எழுதியிருக்க மாட்டீர்கள். வாத்து தீய்ந்துபோனதைப் பற்றியும் அதே கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றி உங்கள் தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பல் எக்ஸ்ரே பார்ப்பது போல. பிறகு கராஜுக்குப் போய்ச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். கிட் கார் என்றால் என்னவென்று எனக்கு அதுவரை தெரியாது. சட்டத்தையும் ஃபைபர் கிளாஸ் உடம்பையும் கம்பெனிக்காரன் கொடுப்பானாம், இஞ்சினைப் பழைய காரிலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்ள வேண்டுமாம், மீதியெல்லாம் வாங்கினவன் தலையெழுத்தாம்.

"கார் எதுக்கு நமக்கு? இருக்கிற கார் ஓடலையா?" என்றேன்.

"இது கார் இல்ல நோலா, உதிரி பாகம். பெட்டியில வருது. பெட்டியில வர்றதைக் கார்னு சொல்ல முடியுமா?"

"அப்ப ஏன் கார் நீளத்துக்குக் கோடு போட்டிருக்கே?"

"பெட்டி வைக்க இடம் வேணாமா?"

இப்படித்தான் அண்ணி ஆரம்பித்தது.

அந்தப் பண்ணைக்காரரிடம் விலை பேசி வாங்கின பாகங்களோடு கப்பல் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்துக்கு வந்த மறுநாளே தொலைபேசி அடித்தது. வெளிநாட்டுச் சரக்கில் பூச்சியும் நோயும் வராமல் சோதிக்கிற பிரிவிலிருந்து நைரி என்றொரு அதிகாரி. "அம்மா, உங்க சரக்குல ஏதாவது உயிருள்ள பொருள் இருக்கா?" என்று கேட்டாள். "எங்களுக்குத் தெரிஞ்சு இல்லை" என்றேன். "எங்களுக்குத் தெரிஞ்சு இருக்கு. உடனே வாங்க" என்றாள். போனோம். ஹூபர்ட் அண்ணன் எவ்வளவு பிரியமாகக் கட்டி அனுப்பியிருந்தார் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு பாகத்தையும் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல வைக்கோலில் பொதிந்திருந்தார். கொட்டகையில் கிடந்த வைக்கோல்! விதை, பூச்சி, எலிக்கூடு எல்லாம் அதனுள் இருந்தன. வைப்பர் மோட்டாரில் நத்தைக் குடும்பம் ஒன்று சௌக்கியமாகக் குடியிருந்தது. ஒரு ஆப்பிளை மறந்துபோய்ப் பையில் கொண்டுவந்தாலே இந்த நாட்டில் என்ன பாடு படுத்துவார்கள் என்று இங்கே பிறந்த உங்களுக்குத் தெரியும், பாவம், அண்ணனுக்குத் தெரியாது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து நைரி கையுறை போட்ட இரண்டு விரல்களால் ஒரு ஜாடியைத் தூக்கினாள். அறையில் இருந்த எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"டாக்டர், இது என்ன?"

"தேன்" என்றார் உங்கள் தம்பி.

"தேன்னு தெரியுது. காருக்குள்ள எதுக்கு?"

"எங்க அக்கா வீட்டுக்காரர் அன்பா வெச்சிருக்கார்."

"அன்பு சரி. இதுல இருக்கிற நோய் வெளிய போச்சுன்னா தெற்குத் தீவுல ஒரு தேன்கூடு மிஞ்சாது. அந்த அன்பை யார் தாங்கறது?"

"ரொட்டிக்குத் தடவத்தான்..." என்று ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

தேனையும் வைக்கோலையும் எரித்தார்கள். நத்தைகளைப் பற்றி நான் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு எல்லாப் பாகங்களையும் கொதிக்கும் நீராவியால் கழுவினார்கள். கழுவினதில் குற்றமில்லை, ஆனால் அந்தப் பண்ணைக்காரர் போல்ட்டு நட்டுப் பைகளின் மேல் எது எதற்கு என்று மையால் எழுதியிருந்தாரே, அந்த மையும் சேர்ந்து போய்விட்டது. வீட்டுக்கு வந்தபோது ஒரே மாதிரியான வெள்ளைப் பைகள் ஒரு மலை. கூட வந்த செய்முறைப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "இதை வழக்கம்போல் பொருத்தவும்" என்று இருக்கிறது. வாழ்நாளெல்லாம் பல் பிடுங்கின மனிதருக்கு எது வழக்கம், சொல்லுங்கள்.

ஆனால் அவர் அசரவில்லை. க்ளினிக்கை மூடியபோது மூட்டை கட்டி வைத்த சாமானையெல்லாம் மறுபடி எடுத்தார். சின்னக் கண்ணாடியை இஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கிறார், கொக்கி ஊசியால் துருவைச் சுரண்டுகிறார். மேல் மாடி ஜன்னலில் நின்று கேட்டால் "கொஞ்சம் வலிக்கும், அசையாதே" என்று அதனிடம் பேசுவது கேட்கிறது. கராஜில் இடம் போதாமல் காரின் முன்மூடி எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. கதவுகள் விருந்தினர் கட்டிலில் போர்வை போர்த்திப் படுத்தன. சர்ச் பெண்கள் கூட்டம் அந்த மாதம் எங்கள் வீட்டு முறை. முன்மூடியின் மேலேயே துணி விரித்துத் தேநீர் பரிமாறினேன். மேஜை நடுவில் ஏன் மேடாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் நான் சுட்ட ஸ்கோன் ரொட்டியைக் கடித்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு முழுக்க ஃபைபர் கிளாஸ் பசை நாற்றம், மாவில் ஏறாமல் இருக்குமா? போதாததற்குப் பக்கத்து வீட்டு மெர்வின். கம்பளிக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் வந்து கால்சட்டைப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு யோசனை சொல்லுவார். அவர் சொல்கிற எதுவும் இதுவரை சரியாக இருந்ததில்லை. உங்கள் தம்பியும் ஒரு தடவை விடாமல் அதைக் கேட்டு நடப்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் தம்பி ஃபெர்கஸின் இதயம் களைத்திருக்கிறது, கனமானதைத் தூக்கக் கூடாது, குளிரில் தரையில் படுக்கக் கூடாது என்று டாக்டர் இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிட்டார். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று உங்கள் தம்பி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், இப்போது சொல்லிவிட்டேன். குளிர்காலம் முழுக்க அந்த மனிதர் சிமென்ட் தரையில் காருக்கு அடியில்தான் படுத்திருந்தார். வெளியே தெரிவது இரண்டு பூட்ஸ் மட்டும். நான் டீயை எடுத்துக்கொண்டு போவேன், பூட்ஸ் அசைந்தால் திரும்பி வந்துவிடுவேன். மறுபடி மனசு கேட்காது, மறுபடி டீ. ஒரு நாள் போனபோது பூட்ஸ் அசையவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. கோப்பை கையிலிருந்து விழுந்து உடைந்தது, அதற்கும் அசையவில்லை. இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன் அண்ணி, சட்டத்தில் நெற்றி மோதி "ஐயோ!" என்று சத்தம் போட்டார். அந்த "ஐயோ"வைப் போல இனிமையாக எதையும் நான் கேட்டதில்லை. தூங்கிப்போயிருக்கிறார்! "கீழ அமைதியா இருந்துச்சு, கண்ணு சொக்கிடுச்சு" என்கிறார். நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டே அழுதேன். கோப்பை உடைந்ததற்கு அழுகிறேன் என்று நினைத்து, வேறு வாங்கித் தருகிறேன் என்றார்.

ஒரு வழியாகக் கார், கார் மாதிரி ஆயிற்று. பதிவு செய்யப் போனோம். கவுண்டரில் ஒரு சின்னப் பெண்.

"எந்த வருஷத்து வண்டி சார்?"

"எந்தப் பாகத்தைக் கேக்கறே?"

"வண்டியைக் கேக்கறேன்."

"இஞ்சின் எழுபத்தி மூணு. சட்டம் எம்பத்தெட்டு. உடம்பு அதுக்குப் பின்னால. சீட்டு போன மாசம் நானே தைச்சது."

"தயாரிச்சது யாரு?"

"நான்தான்."

"கம்பெனி பேரு சார்."

"ஃபெர்கஸ் டல்லக். பல் டாக்டர்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இதுவரைக்கும் எவ்வளவு தூரம் ஓடியிருக்கு?"

"ஓடலை."

"அப்ப புது வண்டியா?"

"இல்லம்மா, பழசு."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இப்படிக் கையால் கட்டின வண்டிகளைப் பார்ப்பதற்கென்றே திமாருவில் ஒருவர் இருக்கிறார், அவர் பரிசோதித்து முத்திரைத் தகடு அடித்துக் கொடுத்தால்தான் எண் கிடைக்கும், அதுவும் கட்டுவதற்கு முன்னாலேயே அவரிடம் போயிருக்க வேண்டும் என்றாள். "முன்னாலேயேவா?" என்று உங்கள் தம்பி கேட்ட குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அந்த மனிதர் பெயர் ராவிரி. நல்லவர், சாந்தமானவர், ஆனால் உருவம் எங்கள் வீட்டு வாசல் கதவு அளவு. ஒரு காலத்தில் உங்கள் தம்பியிடம் கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்டவர்தான். காரைச் சுற்றி வந்தார், தட்டினார், முட்டி போட்டுப் பார்த்தார், "உள்ள உக்காந்து பாக்கறேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. முட்டி இரண்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டன. உங்கள் தம்பி ஒரு பக்கம் இழுக்க, மெர்வின் மறுபக்கம் நின்று "மூச்சை வெளிய விடுங்க! இல்ல, உள்ள இழுங்க!" என்று கத்த, எனக்கு மட்டும் உங்கள் தம்பியின் இதயம் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்ற கணக்கே ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டர், உங்க நாற்காலியில கூட நான் இவ்வளவு பயந்ததில்லை" என்றார் ராவிரி.

"அசையாம இரு, இதோ ஆச்சு" என்று பழக்க தோஷத்தில் சொன்னார் உங்கள் தம்பி.

கடைசியில் ஸ்டியரிங்கையே கழற்றி மனிதரை வெளியே எடுத்தோம். வெளியே வந்து முதுகை நிமிர்த்தி, கோபப்படாமல் குறைகளைச் சொன்னார். விளக்குகள் தாழ்வாக இருக்கின்றனவாம், பெல்ட் மாட்டும் கொக்கிக்கு இன்னும் தடித்த இரும்பு வேண்டுமாம், முட்டி இடிக்கிற இடத்தில் கூர்முனை இருக்கிறதாம். "அது எனக்கு நல்லாவே தெரியும்" என்று முட்டியைத் தடவிக்கொண்டார். எல்லாவற்றையும் திருத்தி மறுபடி கொண்டுபோனபோது பிரேக் சோதனை. பக்கத்து இருக்கையில் எடைக்கு ஒரு ஆள் வேண்டுமாம். மெர்வினுக்கு அந்த நிமிஷம் பார்த்து முதுகு பிடித்துக்கொண்டது. அதனால் நான் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் கூரை இல்லை, கதவு என் முழங்கை உயரம், தரை கையெட்டும் தூரத்தில் ஓடுகிறது. உங்கள் தம்பி விமான ஓடுதளத்துப் பக்கத்துச் சாலையில் வேகம் பிடித்து, "பிடிச்சுக்கோ நோலா!" என்று கத்தி ஒரே மிதியாக மிதித்தார். கார் நின்றது. என் தொப்பி நிற்கவில்லை. ஆடுகள் மேய்கிற வயலில் அது இன்னும் கிடக்கும். பிரேக் வலப்பக்கம் இழுக்கிறது, சரிசெய்து கொண்டுவாருங்கள் என்றுவிட்டார் ராவிரி.

இன்று காலையில்தான் மூன்றாவது முறையாகக் கொண்டுபோயிருக்கிறார், மெர்வினுடைய இழுவண்டியில் ஏற்றி. நான் வரவில்லை என்றுவிட்டேன். இன்று சம்மதம் கிடைக்காவிட்டால் அந்த மனசு என்ன ஆகும் என்று ஒரு பயம். கிடைத்துவிட்டால் இந்த இதயத்தை வைத்துக்கொண்டு அந்தக் காரில் கடற்கரைச் சாலையில் பறப்பாரே என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டில் எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அண்ணி, உங்களிடம் ஒரே வேண்டுகோள். அவர் யார் சொல்லியும் கேட்க மாட்டார், உங்கள் பேச்சுக்கு மட்டும் இன்றைக்கும் பயம் உண்டு. எனக்காக நாலு வரி கடுமையாக எழுதுங்கள். காரை விற்றுவிடு, வீட்டில் காலை நீட்டி உட்கார், நோலாவை நிம்மதியாக இருக்கவிடு என்று எழுதுங்கள். மெர்வின் ஆரம்பத்திலிருந்தே அந்தக் காரின் மேல் கண் வைத்திருக்கிறார், உடனே வாங்கிக்கொள்வார். உங்கள் எழுத்தைப் பார்த்தால் இவர் கொடுத்துவிடுவார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் இருவரையும் ஆண்டவர் நல்ல உடம்போடும் நல்ல பசியோடும் வைத்திருக்கட்டும். முழங்காலில் கம்பளி கட்டிக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு என் பணிவான அன்பு.

தங்கள் அன்புள்ள,
நோலா

பின்குறிப்பு, திங்கள் மாலை: இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமையே தபாலில் போட்டிருப்பேன். தபால் தலை தேடிக்கொண்டிருக்கும்போது வாசலில் இஞ்சின் சத்தம் கேட்டது. முத்திரைத் தகடு ஒன்று, எண் தகடுகள் இரண்டு எல்லாவற்றோடும் தானே ஓட்டிக்கொண்டு வந்து நின்றார் உங்கள் தம்பி. பின்னாலேயே காலி இழுவண்டியோடு மெர்வின். "ஏறு" என்றார். காக்கனூயி வரைக்கும் கடலோரமாகப் போய் வந்தோம். காற்றில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இஞ்சினை அணைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"முடிஞ்சுது நோலா. மெர்வின் கேட்டான், குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை எடுத்துக்குவான்."

"ஏன்?" என்றேன்.

"எனக்கு அத்தனை டீ எதுக்கு? நீ டீ குடுக்கவா வந்தே? எனக்குத் தெரியாதா? போதும், இனிமே நீ நிம்மதியா இரு."

நான் கேட்டது கிடைத்துவிட்டது, உங்கள் கடிதத்துக்குக்கூடக் காத்திருக்காமல். சனிக்கிழமை காலையில் வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போய்த் தரையைப் பெருக்கினார். பிறகு பெருக்கின தரையையே பெருக்கினார். கருவிகளைத் துடைத்து மூட்டை கட்டிவிட்டு உள்ளே வந்து செய்தித்தாளை முதல் வரியிலிருந்து படித்தார். "கடல் ஏற்றம் பத்தரைக்குன்னு போட்டிருக்கான்" என்றார். எங்களிடம் படகு கிடையாது. சற்று நேரம் கழித்து, "இறக்கம் நாலே முக்காலுக்கு" என்றார். அந்தக் குரலைக் கேட்டுப் பயந்துபோனேன், அண்ணி. பூட்ஸ் அசையாத அன்றைக்குக் கூட இப்படிப் பயப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லி அவரைத் தனியாகச் சர்ச்சுக்கு அனுப்பினேன். கல்யாணத்துக்கு முன்னால் சின்னப் பெண்ணாக இருந்தபோது, நடன விருந்துக்குப் போகையில் என் அண்ணன்மார் டிராக்டரில் பின்தொடர்ந்து வராமல் இருக்க நான் ஒரு வேலை செய்வேன். இஞ்சினில் தீப்பொறிக்காக இரண்டு உலோகப் புள்ளிகள் தொட்டுத் தொட்டு விலகுமே, அவற்றில் நிறமில்லாத நகப்பூச்சை ஒரு தடவல். பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பொறி மட்டும் வராது. கைப்பழக்கம் இன்னும் போகவில்லை.

இன்று காலை மெர்வின் தோல் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், திருப்பினார், திருப்பிக்கொண்டே இருந்தார். "பெட்ரோல் வரலை போலிருக்கு டாக்டர்" என்றார். உங்கள் தம்பி முன்மூடியைத் தூக்கிக் குனிந்தவர், நிமிர்ந்தபோது பத்து வயது குறைந்திருந்தார்.

"நீ போ மெர்வின். சரி பண்ணிட்டுச் சொல்றேன்."

"எவ்வளவு நாளாகும்?"

"யாருக்குத் தெரியும்?" என்றார், கல்யாணச் செய்தி சொல்வது போல.

ஆகவே மேலே எழுதியிருப்பது எதையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை விற்கும்படி எழுத வேண்டாம். விற்காதே என்று கடுமையாக எழுதுங்கள். என் பயம் போய்விடவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. தரைக்கு மட்டும் தடித்த மெத்தை ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். பெட்ரோல் பம்ப் அக்கக்காகக் கழன்று இப்போது என் சமையலறை மேஜையில் இருக்கிறது, சீட்டியடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழுவுகிறார். தீப்பொறிப் பக்கம் வந்து சேர இவருக்குக் கிறிஸ்துமஸ் ஆகிவிடும். அதற்குள் யோசனை கேட்டு நிச்சயம் ஹூபர்ட் அண்ணனுக்கு எழுதுவார். அண்ணனையும் பெட்ரோல் என்றே சொல்லச் சொல்லுங்கள்.